சரித்திரப் படம்: யாருடைய சரித்திரம்?

ஓசூரை அடுத்து, பெங்களூர் ரஸ்தாவில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் ஜூஜுவாடி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் யாவரும் இங்கு ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே ஆலையில் வேலை செய்து, இராத்திரியில் ஒன்றாகவே சினிமாவுக்கும் போகின்றார்கள். போவதை நாம் குற்றம் சொல்லவில்லை. பகலெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மூன்று மணி நேரப் பொழுதுபோக்கு வேண்டியதுதான். ஆனால் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டாமா என்பதே நமது கேள்வி.

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-லும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-லும் வெளிவந்தன. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடர்கதையை மணிரத்னம் படமாக்கினார். கதையென்று எழுதியதைச் சரித்திரமென்றே நம்பி, "நம்ம ராஜா" என்று கைதட்டிவிட்டு வந்தவர்கள் அநேகர்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மாத்திரம் என்ன வாழ்கிறது? அங்கும் இதே வியாபாரந்தான். ராஜ்குமார் நடித்து 1967-ல் 'இம்மடி புலிகேசி'யும், 1975-ல் 'மயூரா'வும் வந்தன. அங்கே புலிகேசி மகாவீரன், பல்லவன் பகைவன். இந்தப் பக்கத்துக் கதைகளிலோ பல்லவன் மகாவீரன், புலிகேசி பகைவன். சாவடியைத் தாண்டியவுடன் வீரன் கொடியவனாகிவிடுவானானால், அங்கே மாறியது சரித்திரமா, டிக்கட் வாங்குகிறவனின் பாஷையா?

சினிமாக்காரர்கள் கிடக்கட்டும். இராஜாக்களே வெட்டிவைத்த கல் என்ன சொல்லுகிறது?

அந்தப் படத்தின் நாயகன்தான் பின்னால் இராசராசன் என்று பட்டமேறியவன். அவன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் ஜாபிதா இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடும், வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் என்று கணக்குச் சொல்லுகிறது. அதே கோயிலுக்கு விட்ட கிராமங்களில் வரியில்லாத இடங்களைச் சொல்லும்போது 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று எழுதியிருக்கிறது. அதாவது, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தீண்டாமை அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டது. அந்தச் சேரிக்காரனுக்கும் இவன்தானே இராஜா? அவன் எப்படி வாழ்ந்தான் என்று எந்தச் சரித்திரப் படம் நமக்குக் காட்டிற்று?

கன்னட நாட்டில் ஹொட்டூர் என்ற ஊரில் 1007-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சோழன் ஒன்பது லட்சம் படையோடு வந்து நாட்டைக் கொள்ளையடித்து, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றான் என்று சாளுக்கியர் அதில் எழுதி வைத்தார்கள். எதிரி எழுதியதாயிற்றே, மிகையாக இருக்கலாம். ஆனால் படையெடுத்துப் போனதைச் சோழன் மெய்க்கீர்த்தியும் பெருமையாகத்தான் சொல்லுகிறது. எந்த இராஜா ஜெயித்தாலும் வீடு இழந்தவன் குடியானவன்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறின்போது பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் கொளுத்தப்பட்டன. இந்த எல்லையில் பஸ்கள் நின்று, ஜனங்கள் மூட்டையும் குழந்தையுமாக நடந்து கடந்தார்கள். அதற்குச் சினிமாதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் "என் ராஜா உன் ராஜாவை ஜெயித்தான்" என்கிற வெறும் பெருமை அந்த நெருப்புக்கு எண்ணெயாகுமே தவிர, தண்ணீராகாது.

இதனால் சரித்திர நாடகமே கூடாதென்பது நமது அபிப்பிராயமல்ல. அண்ணாதுரை 1940-களில் 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' எழுதினார். வாள் பிடித்து இராஜ்யம் சம்பாதித்தவனும், சூத்திரன் என்று சொல்லப்பட்டதால், 1674-ல் முடிசூட்டிக்கொள்ளக் காசியிலிருந்து காகபட்டரை வரவழைக்க வேண்டியிருந்ததே, அது ஏன் என்று அந்த நாடகம் ஜனங்களைக் கேட்க வைத்தது. அதில் நடித்த கணேசனுக்கே சிவாஜி என்ற பெயர் நிலைத்தது. சரித்திர நாடகம் செய்ய வேண்டிய வேலை அது.

ஆகவே தோழர்களே, படத்துக்குப் போங்கள். யானையையும் குதிரையையும் பாருங்கள். நடிப்பு நன்றாயிருந்தால் மெச்சுங்கள். ஆனால் திரையில் அரண்மனை வரும்போது, "அந்த இராஜாவின் காலத்தில் நான் பிறந்திருந்தால் என்னை எந்தத் தெருவில் குடிவைத்திருப்பார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரிந்த பிறகும் கைதட்டத் தோன்றினால், தாராளமாகத் தட்டுங்கள்.