டாங்க் போன ஊரில் ஒரு கறுப்புக் கூடாரம்

மார்கழி மாசம், காலைல ஆறு மணிக்கு ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? டெம்பரேச்சர் 20 டிகிரிதான் இருக்கும். ஆனா மங்கி கேப், மஃப்ளர், ஸ்வெட்டர்னு ஆளாளுக்கு ஒரு கெட்டப்! 'செம குளிருடா மச்சான்'னு டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கோஷ்டியில நானும் ஒருத்தன்.

குளிர்ல வாழ்ற மனுஷங்கன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது எஸ்கிமோவும் இக்ளூவும்தான். அவங்க தங்களை 'இன்யூட்'னுதான் சொல்லிக்கிறாங்க. ஆனா, துருவம் வரைக்கும் எதுக்குப் போகணும்? நம்ம நாட்டுலயே, லடாக்கில் சாங்தாங்னு ஒரு பீடபூமி இருக்கு. கடல் மட்டத்திலிருந்து 14,000 அடிக்கு மேல. குளிர்காலத்துல மைனஸ் 30 டிகிரி. மரம்னு ஒண்ணைப் பார்க்கிறதே அபூர்வம். அங்கே தலைமுறை தலைமுறையா ஆடும் யாக்கும் மேய்ச்சு வாழ்றவங்க சாங்பா மக்கள்.

அந்த ஊருக்கும் ஆவடிக்கும் ஒரு கனெக்‌ஷன் உண்டு. 2020-ல் சீன எல்லையில் பதற்றம் வந்தப்போ, நம்ம ராணுவம் கிழக்கு லடாக்கில் டி-90, டி-72 டாங்குகளை நிறுத்துச்சு. ரெண்டுமே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில தயாரான ரகங்கள். அந்தக் குளிர்ல சாதா டீசல் கெட்டியாகி ஓடாது. மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத ஸ்பெஷல் டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்ததே 2019-லதான்.

இரும்பு டாங்குக்கே இந்தக் கதி. அப்போ கைக்குழந்தையோட இருக்கிற ஒரு குடும்பம்?

அவங்க வீட்டுக்குப் பேரு ரேபோ. யாக் முடியை நூலாக்கி, பட்டை பட்டையா நெய்து தைச்ச கறுப்புக் கூடாரம். காத்துக்குத் தடுப்பா சுத்தி கல்லு அடுக்குவாங்க. நடுவுல அடுப்பு. புகை போக உச்சியில திறப்பு. எரிக்க விறகு ஏது? காய்ஞ்ச சாணம்தான். நம்ம பாட்டி தட்டின வறட்டியேதான் பாஸ்! குடிக்க, வெண்ணெயும் உப்பும் போட்ட டீ. நம்ம டீக்கடை மாஸ்டர் கேட்டா மயங்கி விழுந்துடுவார். ஆனா அந்தக் குளிருக்கு உடம்பு கேக்கிற கொழுப்பு அதுல இருக்கு.

ஹீரோ யாருன்னா, அவங்க ஆடு. பஷ்மினா சால்வை கேள்விப்பட்டிருப்பீங்க. வெளி ரோமத்துக்கு அடியில அந்த ஆட்டுக்கு வளர்ற மெல்லிய ரோமம்தான் பஷ்மினா. தடிமன் 12-லிருந்து 15 மைக்ரான். நம்ம தலைமுடியில அஞ்சுல ஒரு பங்கு! அசையாத காத்து வெப்பத்தைக் கடத்தாதுன்னு ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல எழுதி ரெண்டு மார்க் வாங்கினோமே, அதே தியரிதான். மெல்லிய இழைகளுக்கு நடுவுல காத்து சிறைப்பட்டுடும். குளிர் ஏற ஏற அந்த ரோமம் வளருது. பூந்தமல்லியில கொண்டுவந்து கட்டினா, அந்த ஆடு அப்படி ரோமம் வளர்க்காது.

இவ்வளவும் தெரிஞ்சவங்களுக்கு இப்போ என்ன பிரச்னை? குளிர் இல்லை. 1962 போருக்குப் பிறகு பழைய மேய்ச்சல் நிலங்கள்ல ஒரு பகுதி கைவிட்டுப் போச்சு. 2020-க்குப் பிறகு இன்னும் சில இடங்களுக்கு ஆடுகளை ஓட்ட முடியலை. 2013 தொடக்கத்துல கொட்டின பனியில புல்லெல்லாம் புதைஞ்சு, ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்தது தனி சோகம். பிள்ளைகள் படிப்புக்காக, கர்னாக் பகுதிக் குடும்பங்கள் பல லே நகரத்துப் பக்கமே குடியேறிட்டாங்க. அந்தக் குடியிருப்புக்குப் பேரே கர்னாக்லிங்.

'ஐயோ, பாரம்பரியம் போச்சே'ன்னு புலம்ப எனக்கு வாய் வரலை. பிள்ளைங்க படிப்புக்காக நிலத்தை வித்துட்டு அம்பத்தூருக்கு வந்த குடும்பங்கள் நம்ம தெருவுலயே எத்தனை! நம்ம வயசுல ஒரு சாங்பா பையன், 'எனக்கு காலேஜ் வேணும்'னு சொன்னா, அதைத் தப்புன்னு சொல்ல நாம யாரு?

ஆனா ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. எந்த மாசம் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போகணும், எந்த மேகம் பனியைக் கொட்டும்னு அவன் தாத்தாவுக்குத் தெரியும். அதுக்கு டெக்ஸ்ட் புக் கிடையாது, ஜெராக்ஸ் நோட்ஸும் கிடையாது. பக்கத்துல நடந்துதான் கத்துக்கணும். காலேஜுக்கும் போய், தாத்தாகூடவும் நடக்கிற மாதிரி ஒரு வழியை இதுவரைக்கும் யாரும் அவனுக்குப் போட்டுத் தரலை.

டாங்க் ஏறிப்போக ரோடு போட்டுட்டோம். ஒரு ஸ்கூல் அந்தக் கூடாரத்துப் பின்னாலயே போக முடியாதா என்ன?