வாழ்த்து சொல்லுங்க, தாராளமா. பிள்ளைகளைக் கும்பிட வைக்காதீங்க

1/ அரசுப் பள்ளியில் பண்டிகை கொண்டாடலாமா? சரஸ்வதி பூஜைக்கு ஒரு சண்டை, கிறிஸ்துமஸுக்கு ஒரு சண்டை, ரம்ஜானுக்கு ஒரு சண்டைன்னு வருஷா வருஷம் டைம்லைன்ல ஓடுது. நான் அரசு மருத்துவமனை டாக்டர். "இதுல உங்களுக்கு என்ன வேலை"ன்னு கேட்பீங்க. வேலை இருக்கு. நீளமான இழை. முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். கரும்பலகையில் "தீபாவளி வாழ்த்துகள்", "ஈத் முபாரக்", "ஹேப்பி கிறிஸ்துமஸ்" எழுதினால் யாருக்கும் எதுவும் குறையாது. கொழுக்கட்டை, கேக், பிரியாணி பகிர்ந்து சாப்பிட்டால் இன்னும் சந்தோஷம். ஆனால் பள்ளி நேரத்தில், பள்ளியின் பெயரில் கற்பூரம் காட்டிக் கும்பிடச் சொல்வதும், கண்ணை மூடி ஜெபிக்கச் சொல்வதும், துஆ செய்யச் சொல்வதும் வழிபாடு. வாழ்த்து வேறு, வழிபாடு வேறு.

3/ இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லைங்க. அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 28(1): முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது. பிரிவு 28(3): அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில், சம்மதம் இல்லாமல் யாரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது. மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும்.

4/ "28(1)ல போதனைன்னுதான் இருக்கு, பூஜைன்னு இல்லையே"ன்னு ஒரு வக்கீல் வாதம் வரும். சரி. உதவிபெறும் தனியார் பள்ளிக்கே, சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் நிறுத்தாதேன்னு சட்டம் சொல்லுது. அரசின் சொந்தப் பள்ளிக்கு அதைவிடக் குறைந்த பொறுப்பா இருக்கும்?

5/ இந்தச் "சம்மதம்"ங்கிற சொல்லில்தான் டாக்டர் உள்ளே வரேன். ஒரு குழந்தைக்குச் சின்ன ஆபரேஷன்னாலும் அப்பா அம்மாவிடம் விளக்கிச் சொல்லி, கேள்வி கேட்க விட்டு, கையெழுத்து வாங்குறோம். அப்படியும் எங்களுக்கு ஒண்ணு தெரியும். வெள்ளை கோட்டைப் பார்த்ததும் வர்ற "சரிங்க டாக்டர்" எல்லாமே சம்மதம் கிடையாது. பாதி பயம். "வேணாம்"னு சொன்னால் அடுத்த முறை சரியா கவனிக்க மாட்டாங்களோங்கிற பயம்.

6/ இப்போ நாற்பது பேர் இருக்கிற ஆறாம் வகுப்புக்கு வாங்க. ஹெச்.எம். நிற்கிறார், கிளாஸ் மிஸ் நிற்கிறாங்க. தட்டு வரிசையா வருது. ஒரே ஒரு பிள்ளை மட்டும் வேற மதம், இல்லைன்னா கடவுள் நம்பிக்கை இல்லாத வீடு. "யாரையும் கட்டாயப்படுத்தலையே" என்பீர்கள். பதினோரு வயசுப் பிள்ளை, மார்க் போடுற டீச்சர் முன்னாடி, நாற்பது ஜோடிக் கண் பார்க்க, "எனக்கு வேணாம் மிஸ்"னு சொல்லுமா? உங்க ஆபீஸ்ல மேலதிகாரி முன்னாடி நீங்க சொல்வீங்களா?

7/ இதுல மோசமானது பொதுத்தேர்வுக்கு முன் நடக்கும் ஹால் டிக்கெட் பூஜை. நல்ல எண்ணத்தில்தான் செய்றாங்க, மறுக்கலை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்கெனவே தூக்கம் இல்லை, வயிற்றைப் பிரட்டுது. அதுகிட்ட "இதுல வெச்சு எடுத்தாதான் பாஸ்"ங்கிற எண்ணத்தையும் ஏத்திவிடுறோம். வெளியே நின்ற பிள்ளைக்கு ரெண்டு மடங்கு பயம். அதன் வீட்டுச் சாமியிடம் வேண்டிக்கொள்ள வீடு இருக்கு. பள்ளி செய்ய வேண்டியது இன்னொரு ரிவிஷன் டெஸ்ட்.

8/ "பூஜைதானே, அதுல என்ன கெட்டுப்போச்சு?" கதவைத் திறந்து வைத்தால் அடுத்து யார் நுழைவார்னு நம்ம கையில் இல்லை. 2024ல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஊக்கப் பேச்சு என்ற பெயரில் ஒருவர் மறுபிறவி, கர்மவினை பற்றிப் பேசினார். மாற்றுத்திறனோடு பிறப்பதற்குக் காரணம் முற்பிறவிப் பாவம் என்ற தொனியில். பார்வைச் சவால் உள்ள ஓர் ஆசிரியர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். பேசியவர் பிறகு கைதானார். அந்த ஆசிரியருக்கு என் வணக்கம்.

9/ அந்தப் பேச்சு ஏன் ஒரு டாக்டருக்கு வயிற்றெரிச்சல்? பாதம் உள்பக்கமா மடங்கிப் பிறக்கும் குழந்தையை எடுத்துக்குங்க. கிளப் ஃபுட்னு சொல்வோம். பிறந்த சில வாரத்திலேயே வந்தால், வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டு, தேவைப்பட்டால் குதிகால் தசைநாணில் சின்னக் கீறல், அப்புறம் சில வருஷம் பிரேஸ் ஷூ. பெரும்பாலான பிள்ளைகள் ஓடியாடுவாங்க. காது கேட்காத குழந்தைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் இருக்கு. ஆனால் சின்ன வயசிலேயே கண்டுபிடிச்சாகணும்.

10/ ரெண்டுலயும் எதிரி ஒண்ணுதான்: தாமதம். "எந்த ஜென்மத்துப் பாவமோ டாக்டர்"னு அழுற அம்மாவை ஓ.பி.யில் பார்க்காத டாக்டர் இருக்க மாட்டாங்க. இது பாவம் இல்லம்மா, வைத்தியம் இருக்குன்னு புரிய வைக்கவே நேரம் போயிடும். அதற்குள் சில வீடுகளில் பரிகாரத்தில் ஆறு மாசம் போயிருக்கும்.

11/ 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் டாக்டர் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறாங்க. பிறவிக் குறைபாட்டைக் கண்டுபிடிப்பது அந்த வேலையின் முக்கியமான பகுதி. ஒரு நாள் நாங்க போய் "இதுக்கு வைத்தியம் இருக்கு"ங்கிறோம். இன்னொரு நாள் அதே ஹாலில் ஒருத்தர் மைக் பிடிச்சு "இது உன் வினை"ங்கிறார். ரெண்டுக்கும் அரசே இடம் கொடுக்கலாமா?

12/ "இந்துப் பண்டிகைன்னா மட்டும் பேசுவீங்க" கோஷ்டிக்கு: கிறித்தவ நிர்வாகப் பள்ளியில் எல்லாப் பிள்ளையையும் ஜெபத்தில் நிறுத்துவதும் தப்பு. மருதாணி வெச்சிட்டு வந்தாள், பூ வெச்சிட்டு வந்தாள்னு தண்டிப்பதும் தப்பு. பிரிவு 28(3) சிறுபான்மைப் பள்ளிக்கும் சேர்த்துத்தான். 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 உடல்ரீதியான தண்டனையை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்யுது.

13/ "அப்போ எல்லாத்தையும் தடை பண்ணு" கோஷ்டிக்கு: வேண்டாம். மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, மதபோதனை வேறு என்று 2002ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. நோன்பு ஏன், கொலு ஏன், லெந்து காலம் ஏன்னு பிள்ளைகளே வந்து சொல்லட்டும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் பண்டிகை தெரியாமல் வளர்பவன்தான் நாளைக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்புவான்.

14/ விலகி நிற்கும் பிள்ளையை எப்படி நடத்தணும்? 1985ல் கேரளாவில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூணு பேர் தேசிய கீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்றாங்க, பாடலை. பள்ளி வெளியே அனுப்பியது. 1986ல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே மனசாட்சிப்படி மௌனமா நிற்கலாம்னா, சூடம் காட்டும்போது ஒரு பிள்ளை கை கட்டி நிற்கக் கூடாதா?

15/ பொங்கல்? அரசுப் பள்ளியில் நடக்கும் சமத்துவப் பொங்கல் எனக்குப் பிடிக்கும். பானை, கரும்பு, கோலம், உறியடி. எல்லாப் பிள்ளையும் கத்தும். அங்கேயும் தட்டில் சூடம் ஏற்றி "எல்லாரும் கும்பிடுங்க"ன்னு சொன்ன நிமிஷம் நாலு பிள்ளைகள் பின்வரிசைக்கு நகரும். அந்த நாலு பேரைப் பாருங்க. மற்றது புரியும்.

16/ "உங்க ஆஸ்பத்திரியில ஆயுத பூஜை நடக்கலையா?" நடக்குது. ஊழியர்கள் எல்லாம் பெரியவங்க. விருப்பம் இல்லாதவர் டீ குடிக்கப் போயிடலாம். ஆனால் "குங்குமம் வெச்சாதான் ஊசி"ன்னு நோயாளியிடம் சொன்னால் விடுவீங்களா? பள்ளியில் அந்த நோயாளியின் இடத்தில் இருப்பது மாணவர். எழுந்து போக முடியாதவர்.

17/ டீச்சர்களுக்கு எளிய செக் லிஸ்ட்:
அ) இதில் யாராவது சாமி கும்பிடணுமா?
ஆ) வேணாம்னு நினைக்கிற பிள்ளை, யார் கண்ணிலும் படாமல் விலகி இருக்க முடியுமா?
இ) மார்க், பாஸ், ஃபெயிலோடு இதை முடிச்சுப் போடுறோமா?
ஈ) வெளியாள் பேசுறார்னா, என்ன பேசுவார்னு முன்னாடியே கேட்டோமா?
முதல் கேள்விக்கு "ஆமா"ன்னா, அது வீட்டுக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் உரியது.

18/ பெற்றோருக்கு: கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் உங்களுடையது. அடுத்த கூட்டத்துக்குப் போங்க. சண்டை போட வேண்டாம். "பண்டிகை கொண்டாடுங்க, வழிபாடு வேண்டாம்"னு தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுத வைங்க. உங்க பிள்ளை பெரும்பான்மை மதம்னா நீங்கதான் முதல்ல கேட்கணும். பின்வரிசைக்கு நகர்ந்த பிள்ளையோட அம்மா கேட்டால் ஊர் வேற மாதிரி பேசும்.

முடிஞ்சது. இனி திட்டலாம். காலையில ஓ.பி. இருக்கு, பதில் லேட்டா வரும்.