தொண்டும் பொறுப்பும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கூலி பெறாது உழைக்க முன்வருபவரிடத்தும் நாம் இம்மரியாதையையே காட்டுகின்றோம். அவரைப்பற்றி விசாரித்தால் மனம் புண்படுமே என்று அஞ்சுகின்றோம். ஆனால், மாடு நோய்ப்பட்டதாயின் இழப்பு அதனை ஏற்றவனுக்கு மட்டுமே. தொண்டரை ஆராயாது ஏற்றுக்கொண்டால், இழப்பு பிறர் வீட்டுப் பிள்ளையைச் சேரக்கூடும். இந்த வேறுபாட்டை ஐக்கிய அமெரிக்கத் தேவாலயங்களின் அநுபவத்தைக் கொண்டு இவ்வாரம் ஆராய்வோம்.

அங்கே ஞாயிறு பாடசாலையில் கற்பிப்போரும், சிறுவரை வண்டியில் ஏற்றிச் செல்வோரும், விருந்துக்குச் சமைப்போரும் பெரும்பாலும் ஊதியம் பெறாதவரே. அறநிலையங்கள்மீது நட்டஈட்டு வழக்குச் செல்லாது என்ற கொள்கை ஒருகாலத்தில் அந்நாட்டில் நிலவியது. 1876ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநில உயர் நீதிமன்றம் வைத்தியசாலை ஒன்றைப்பற்றிய வழக்கில் இக்கொள்கையை ஏற்றது. அறத்துக்கென அளித்த பொருள் வழக்கிலே கரையலாகாது என்பது அதன் நியாயம். 1942இல் வாஷிங்ரன் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஜோர்ஜ்ரவுன் கல்லூரி வழக்கில், இக்கொள்கையைத் தள்ளிவிட்டது. பின்னர் பெரும்பாலான மாநிலங்கள் அதனைக் கைவிட்டன, அல்லது சுருக்கிக்கொண்டன. காயப்படுத்தியது அறநிலையம் என்பதனால் காயமுற்றவனின் வலி குறைவதில்லையன்றோ?

அப்படியாயின், நல்லெண்ணத்துடன் உதவ வந்தவர் தம் வீடு வாசலை வழக்கில் இழக்க வேண்டியதுதானா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடையாக 1997இல் தொண்டர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தமக்கு ஒப்படைத்த பணியின் எல்லைக்குள் நின்று, சாதாரண கவலையீனத்தால் தவறிழைத்த தொண்டரை இச்சட்டம் காக்கின்றது. வேண்டுமென்றே செய்த தீங்குக்கும், பாரதூரமான கவலையீனத்துக்கும் இதில் இடமில்லை. மோட்டார் வண்டி ஓட்டுகையில் நேரும் தீங்குக்கும் பாதுகாப்பு இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது யாதெனில், இச்சட்டம் தொண்டரைக் காக்கின்றதேயன்றி அவரை அமர்த்திய நிறுவனத்தைக் காப்பதில்லை. 'விபத்து நேரின் வழக்குத் தொடரோம்' என்று பெற்றோரிடம் கையொப்பம் பெற்று வைத்தாலும், பல மாநிலங்களில் பிள்ளைக்குரிய உரிமை அதனால் அழிந்துவிடுவதில்லை.

ஆகவே, விபத்து நேருமுன் செய்வதே உண்மையான பாதுகாப்பு. வண்டியையே எடுத்துக்கொள்வோம். பதினைந்து பேர் அமரும் வான் அங்குள்ள தேவாலயங்கள் விரும்பிப் பயன்படுத்திய வாகனம். அவ்வகை வானில் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறும்போது, அது கவிழும் வீதம் குறைந்த சுமையுடன் செல்லும்போது உள்ளதைப்போல் ஏறத்தாழ 3 மடங்காகின்றது என்று 2001இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் எச்சரித்தது. ஆட்களும் பொருள்களும் கூடக்கூட வண்டியின் பாரமையம் உயர்ந்து பின்னோக்கி நகர்வதே காரணம். ஓட்டுபவர் பக்திமானா என்று வண்டி கேட்பதில்லை. அவருக்குப் பழக்கம் உண்டா, சில்லுகளில் காற்றுச் சரியாக உள்ளதா, யாவரும் இருக்கைப் பட்டி அணிந்தனரா, காப்புறுதி உண்டா என்பவற்றையே கேட்க வேண்டும்.

சிறுவர் பணியில் விதிகள் இன்னும் கண்டிப்பானவை. தேவாலயத்துக்கு வரத்தொடங்கி ஆறு மாதமேனும் ஆகாதவரைப் பல தேவாலயங்கள் இப்பணியில் சேர்ப்பதில்லை. தீய நோக்குடையவன் நெடுங்காலம் காத்திருக்க விரும்பான் என்பது இதன் கருத்து. விண்ணப்பம், முன்னர் பணிசெய்த இடத்தில் விசாரணை, குற்றப் பதிவேட்டுச் சோதனை என்பவை அடுத்த படிகள். எவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கலாகாது. உறவினரல்லாத பெரியவர் இருவர் இருத்தல் வேண்டும். வகுப்பறைக் கதவிலே கண்ணாடி பதித்திருத்தல் வேண்டும்.

இவை நல்லவரை அவமதிப்பன ஆகாவோ என்று சிலர் வினவுவர். ஒருவரை மட்டும் நிறுத்தி விசாரித்தால் அவமதிப்பே. எல்லாரையும் விசாரித்தால் அது வழக்கம். குருவானவரின் மைத்துனருக்கும் நேற்று வந்தவருக்கும் விதி ஒன்றாயின் எவர் மனம் நோகும்? அன்றியும், இருவர் இருக்க வேண்டும் என்ற விதி பிள்ளையைக் காப்பதோடு, வீண்பழியிலிருந்து தொண்டரையும் காக்கின்றது. 'இவரை நமக்குத் தெரியும்' என்று கூறி ஒருவருக்கு விலக்களிக்கும் நாளிலேதான் வேலி உடைகின்றது.

நம் நாட்டிலும் கோவில் திருவிழா, தேவாலயப் பெருநாள், பாடசாலைச் சுற்றுலா ஆகிய யாவும் தொண்டர் தோளிலேயே நடைபெறுகின்றன. நமது சட்டம் வேறு. ஆனால் பிள்ளைகள் வேறல்லர். அடுத்த முறை உங்கள் மகனையோ மகளையோ அத்தகைய பயணத்துக்கு அனுப்புமுன், வண்டி ஓட்டுபவர் யார், உடன் செல்லும் பெரியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கேட்பது குற்றமன்று. நல்ல தொண்டர் அக்கேள்வியை எதிர்பார்த்தே நிற்பார்.