கண்ணைப் பொத்தியது குற்றமா?

எங்கள் ஊர்த் தலபுராணத்தில் ஒரு விளையாட்டு வருகிறது. உமை பின்னால் வந்து சிவனின் கண்களைப் பொத்துகிறாள். உலகம் இருண்டுபோகிறது. அந்தப் பாவம் தீர அவள் காஞ்சியில் தவம் செய்கிறாள். பிறகு திருவண்ணாமலைக்கு வந்து இங்கும் தவம் செய்து, கடைசியில் அவன் உடம்பில் இடப்பாகம் பெறுகிறாள். பாதி உடம்பைக் கொடுத்த பெருந்தன்மையைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டாகிவிட்டது. கண்ணாமூச்சி ஆடியதற்கா இவ்வளவு தவம் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கே அது போன மே மாதக் கத்திரி வெயிலில்தான் கேட்கத் தோன்றியது. விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகளுக்கு எட்டு வயது. காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். நுங்கு தின்ற காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்குச்சியால் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை ஓடினாள். காய் உருண்டு சாக்கடையில் விழுந்தது. எடுத்துக் கழுவி மறுபடி ஓட்டினாள். மதியம் வேப்பமர நிழலில் பாண்டி. மடி நிறையக் கொடுக்காப்புளி. சாயங்காலம் கண்ணாமூச்சி. முழங்காலில் சிராய்ப்பு, தலையெல்லாம் புழுதி, முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தங்கை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பக்கத்து வீட்டுப் பையன், இவளைவிட இரண்டு வயது பெரியவன், இன்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

“அவன மட்டும் ஏன் யாரும் கூப்புடல?” என்று கேட்டது குழந்தை.

நான் வாயைத் திறந்தேன். “நீ பேசாம இருக்கா. கறுத்துப்போனா நீயா மாப்பிள்ள பாப்ப? இன்னும் ரெண்டு வருஷத்துல பெரிய மனுஷி ஆயிடுவா. நாளையிலருந்து வெளிய வேணாம்” என்றாள்.

தங்கையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் தமிழ் படித்தவள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். சிறுமிகள் கட்டிய மணல்வீட்டை மிதித்து உடைப்பது ஆண்குழந்தை வளர்ச்சியில் ஒரு பருவம்! பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். இலக்கணப்படி பார்த்தால் நுங்கு வண்டி ஓட்டிய எங்கள் பெண் பால் மாறி ஆடியிருக்கிறாள். கலித்தொகையின் 51ஆம் பாட்டில் மணல்வீட்டைக் காலால் சிதைத்து, கூந்தல் மாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய பையனே பிற்பாடு தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்கிறான். வகுப்பு சிரிக்கும், நானும் சிரித்துக்கொண்டே அதைக் காதல் என்று வருஷக்கணக்காக நடத்தினேன். இற்செறிப்பு என்றால் தலைவியை வீட்டுக்குள் அடைப்பது என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதவைத்தேன். அடைபட்டவள் அன்று காலை என்ன விளையாடிக்கொண்டிருந்தாள் என்று கேள்வித்தாளில் கேட்டதில்லை.

பயம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கையைப் பாருங்கள். போக்சோ சட்டத்தின் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் குழந்தைக்குத் தெரிந்தவன். சொந்தக்காரன், அக்கம்பக்கத்தான், வீட்டுக்கு வந்து காபி குடிப்பவன். அவனை உள்ளே விட்டுவிட்டுக் குழந்தையையும் உள்ளே இழுத்துத் தாழ் போடுகிறோம். தெருவில் பத்துப் பெண்பிள்ளைகளும் திண்ணையில் நான்கு பாட்டிகளும் இருந்தால் அது பயப்பட வேண்டிய தெருவா? பெண்களைக் காலிசெய்துவிட்டுத் தெரு பயமாக இருக்கிறது என்கிறோம். கறுப்பைப் பற்றிப் பேசவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. இந்த வெயிலில் பிறந்த தோல், இந்த வெயிலின் நிறத்தில்தான் இருக்கும்.

மறுநாள் காலை தங்கை குளிக்கப் போயிருந்தபோது நான்தான் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். குழந்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.