பட்டறையும் பாடசாலைதான்!



ஊர் சுற்றுவது என்றால் அரண்மனை, கடைவீதி, நாலு போட்டோ, அவ்வளவுதானா? இல்லை என்பேன் நான்.

அப்பாவுக்குக் கானா நாட்டில் வேலை. விடுமுறையில் குமாசி நகரைக் குடும்பத்தோடு ஒருநாள் சுற்றினோம். அஷாந்தி மன்னரின் மன்ஹியா அரண்மனையில் 1995-ல் திறந்த அருங்காட்சியகம் பார்த்தோம். கெஜெட்டியா சந்தை நெரிசலில் தம்பி அம்மா கையை விடவே இல்லை. 'ட்ரோட்ரோ' என்கிற வேனில் ஏறினால் கண்டக்டருக்குப் பெயர் 'மேட்'. ஊர்ப்பெயரைக் கூவியே ஆள் சேர்க்கிறார்!

என் மனதில் நின்றதோ 'சுவாமே மேகசின்'. பத்திரிகை இல்லீங்க, ஆயிரக்கணக்கான வாகனப் பட்டறைகள் நிறைந்த பேட்டை! பழைய இஞ்சினைப் பிரித்து, கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து, வெல்டிங் வைத்து மறுபடி ஓடவிடுகிறார்கள். நம் வயதுப் பையன்கள் மாஸ்டரிடம் வருஷக்கணக்கில் நின்று கற்கிறார்கள். பலரிடம் சான்றிதழ் கிடையாது. கையில் தொழில் இருக்கிறது.

நம்மில் பலருக்கோ டிப்ளமோ இருக்கும், ஸ்பேனர் பிடிக்கக் கை கூசும்! கிரீஸ் பட்ட கையை இளக்காரமாய்ப் பார்க்கும் புத்தி முதலில் போகணும். அவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும். நமக்குப் பட்டறை வேண்டும். வாரம் ஒருநாள் பக்கத்துப் பட்டறையில் நிற்க நாமே முன்வந்தால் என்ன? யோசியுங்கள் நண்பர்களே!