கேட்கிறவர்

புனேயில் சென்னை வண்டி ஏறி, ஹடப்சர், லோணி, உருளி, யவத் என்று ஜன்னலோரமாக வந்து மறையும் சிறு நிலையங்களை ஏறிட்டும் பாராமல், தௌண்டு வருவதற்குள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிற நம்மவர்களில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருநெல்வேலிக்கும் புனேயின் கட்கிக்குமாக இந்தத் தண்டவாளத்தின்மீது போய்வந்துகொண்டிருந்தும், யவத்துக்கு அப்பால் என் வண்டி நில்லாமல் தாண்டிச் செல்லும் ஓர் ஊரில் இறங்கிப் பார்க்க வேண்டுமென்ற எண்ணம் போன வாரந்தான் எனக்கு உண்டாயிற்று. புனேயிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தௌண்டு ஷட்டிலில் போனால் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். மராட்டியில் உள்ள அவ்வூரின் பெயரைத் தமிழில் எழுதப் புகுந்தால், வேறு வழியின்றி, 'கேட்காவ்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. பிரார்த்தனையைப்பற்றி எழுத நினைத்துப் பயணப்பட்ட ஒரு தமிழனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் அகப்படாது.

பண்டித ரமாபாய் ஆதரவற்ற பெண்களுக்காக அமைத்த முக்தி இல்லம் அங்கேதான் இருக்கிறது. அந்த அம்மையாரின் கல்லறையும் அங்கேதான்.

கடவுள் ஜெபத்தைக் கேட்கிறார் என்பது கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குப் பால்குடி நாளிலேயே புகட்டப்பட்ட நிச்சயம். ஆயினும், கேட்டது கிடைத்தால் அவர் கேட்டார் என்றும், கிடைக்காவிட்டால் அவருடைய சித்தம் வேறு என்றும் சொல்லிக்கொள்கிற எங்கள் வழக்கத்தில், எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத ஒரு காசைச் சுண்டுகிற சாமர்த்தியம் கலந்திருக்கிறதோ என்ற ஐயம் என்னை நெடுங்காலமாக அரித்து வந்திருக்கிறது. ஆம், இல்லை, பொறு என்று மூன்று வகையாகக் கடவுள் பதிலளிப்பார் என்று பிரசங்கிமார் சொல்லும்போதெல்லாம், எனக்கு நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்து விளக்குத்தான் ஞாபகம் வரும். ரமாபாயின் சரித்திரத்தை நான் நாடியதற்குக் காரணம், அவர் எளிதில் நம்புகிறவர் அல்லர் என்பதே.

அவர் 1858இல் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே, பெண்ணுக்கு வடமொழி கற்பிப்பது அடாது என்றிருந்த காலத்தில் மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்பித்ததன்மூலம் பழியைத் தேடிக்கொண்டவர். குடும்பத்தோடு க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடந்து, புராணம் வாசித்து, வந்த தட்சிணையில் ஜீவித்தவர். 1874ஆம் ஆண்டையொட்டிச் சென்னை ராஜதானியில் க்ஷாமம் வந்தபோது, உடல் உழைப்பு அறியாத அக்குடும்பம், கையிருந்த கடைசிக் காசையும் பூஜைக்கும் தானத்துக்கும் செலவிட்டுவிட்டு, காட்டில் இலையையும் நீரையும் உண்டு நாட்களைக் கழித்தது. தந்தை இறந்தார்; தாய் இறந்தார்; தமக்கையும் போனார். எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே அலைந்து 1878இல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் அந்த இளம்பெண்ணின் பாண்டித்தியத்தைக் கண்டு வியந்து 'பண்டிதா' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டமளித்தார்கள். விண்ணப்பங்களெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காயின என்ற முடிவுக்கு அப்பெண் வந்திருந்தார் என்பது அவருடைய பிற்கால எழுத்துகளிலிருந்து தெரிகிறது. அந்த முடிவை நான் அப்படியே ஒப்பமாட்டேன். கோவில் மணி கேட்கும் தெருவில் வளர்ந்தவன் நான், அங்கேயும் கேட்கப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் காட்டிலே பட்டினி கிடந்தவர் அவர், நானல்லன்.

இத்தகையவர் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் எல்லாவற்றையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டாரில்லை. வாண்டேஜ் மடத்துச் சகோதரிகளோடு திரித்துவம் முதலான தத்துவங்களில் அவர் நடத்திய வாதங்கள் கடிதங்களாகவே இருக்கின்றன. கிறிஸ்துமதத்தைக் கண்டேனேயன்றிக் கிறிஸ்துவைக் காணவில்லை என்ற நிலையில் எட்டாண்டுகள் இருந்ததாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். இதற்கிடையில் 1889இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதனைத் திறந்து, அடுத்த ஆண்டே புனேக்கு மாற்றினார். 1893இல் மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்து, சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலக, பெற்றோர் தம் பெண்களை அழைத்துச் சென்ற கதை ஊரறிந்தது. அதைத் திரும்பச் சொல்ல இங்கே இடமில்லை.

அவர் படித்த நூல்களில் பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் முல்லருடைய சரித்திரமும் ஒன்று. ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளை வைத்துப் பராமரித்த அந்த ஜெர்மானியர், எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை என்று விரதம் பூண்டு, கடவுளிடம் மட்டும் கேட்டு, கேட்டதையும் வந்ததையும் செட்டியார் பேரேடுபோலத் தேதியிட்டு எழுதி வைத்தவர். இந்தியாவிலும் இப்படி ஆண்டவரை நம்பி ஜீவிக்க முடியாதா என்று ரமாபாய் யோசித்தார். முல்லருடைய பேரேட்டு முறை எனக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. ஆனால் அமெரிக்க நண்பர்கள் 1887இல் சங்கம் அமைத்துப் பத்தாண்டுகளுக்கென வாக்களித்திருந்த உதவியின் தவணை முடியப்போகிற வேளையில் அப்புத்தகம் ஒருவருக்கு எப்படி ஒலித்திருக்கும் என்பதை உணரமுடிகிறது.

இனி வருவதுதான் என்னைக் கேட்காவுக்கு இழுத்துச் சென்ற செய்தி. 1896ஐ ஒட்டி, லோணாவளாவில் நடந்த ஒரு முகாம் கூட்டத்துக்கு ரமாபாய் சென்றிருந்தார். அவரோடு இருந்த பெண்களில் விசுவாசத்துக்கு வந்தவர்கள் 15 பேர். மரங்களினூடே தனித்திருந்து ஜெபித்தபோது, அந்தப் பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கிக் கொடு என்று கடவுளிடம் கேட்கும்படி ஒரு தூண்டுதல் அவருக்கு உண்டாயிற்று: 225. அன்று அவருடைய இல்லத்தில் அத்தனை பேருக்கு இடமுமில்லை, பணமுமில்லை. கேட்டார்.

ஒரு வருஷத்துக்குள் மத்திய மாகாணங்களில் பெரும் க்ஷாமம் பரவிற்று. இருபதாண்டுக்கு முன் தாமே பட்டினி கிடந்தவராதலால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாமல் ரமாபாய் அங்கே சென்றார். பட்டினியால் சருகாகிவிட்ட சிறுமிகளையும், பட்டினியைவிடக் கொடிய தரகர் கையில் சிக்க இருந்த பெண்களையும் சேர்த்து அழைத்துவந்தார். எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ 300. புனேயிலோ அப்போது பிளேக். க்ஷாமத்தில் அடிபட்டவர்களை நகரத்துக்குள் வைத்திருக்க அதிகாரிகள் அனுமதி தராததால், பழத்தோட்டம் போடுவதற்கென்று முன்பே வாங்கியிருந்த கேட்காவ் நிலத்தில் குடிசைகள் எழுந்தன. 1900இல் குஜராத் க்ஷாமமும் சேர, அங்கே வசித்தவர்கள் 1,500க்கும் மேல்.

பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போது சபையார் அல்லேலூயா என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் முக்தியின் வேப்பமர நிழலில் போன வாரம் உட்கார்ந்திருந்தபோது வேறொரு கேள்வி எழுந்து நின்றது: ஒரு ஸ்திரீயின் 225ஐக் கொடுப்பதற்காகவா ஒரு தேசம் பட்டினி கிடந்தது? மழை பொய்த்தது யாருடைய ஜெபத்துக்குப் பதில்? அந்த முந்நூறு பெண்களுடைய தாய்மார் மரிப்பதற்கு முன் ஜெபித்திருக்கமாட்டார்களா. அவர்கள் கேட்டது என்னவாயிற்று? இதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அந்த எண்ணைக் கேட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும், பதில் வந்த வழியெல்லாம் அவருடைய சொந்தக் கால்களே நடந்தன என்பதையும் கவனித்தேன். ஒருவேளை, அந்தத் தாய்மார் கேட்டதற்கும் அவரே பதிலாகப் போய்ச் சேர்ந்தாரோ, என்னவோ. இந்தக் கணக்கில் 15ஐப் பெருக்கியவர் ஒருவர், பெருக்கப்பட்டவர்கள் பலர். எவர் ஜெபம் எவருக்குக் கேட்டது என்று பிரித்தெழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

ரமாபாய் தம் கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த வேலை, எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொண்டு, வேதாகமம் முழுவதையும் படிப்பறிவு குறைந்த மராட்டிப் பெண்களுக்கும் விளங்கும் எளிய நடையில் மொழிபெயர்த்தது. அச்சுக்கோத்தவர்கள் முக்தியின் பெண்களே. அவருடைய ஒரே மகள் மனோரமா, தாய்க்குப் பின் அனைத்தையும் நடத்த இருந்தவர், 1921இல் இறந்துபோனார். அந்த மகளுக்காக அந்தத் தாய் கேட்காமல் இருந்திருப்பாரா? ஆயிரத்தைந்நூறு பேருக்குச் சோறு கேட்டுப் பெற்றவர், ஒருத்திக்கு உயிர் கேட்டுப் பெறவில்லை. மகள் போனபின் அவர் மீண்டும் அச்சுப்படிகளைத் திருத்த உட்கார்ந்தார். வேலை முடிய இன்னும் சில நாள் வேண்டுமென்று கேட்டுப் பெற்று, கடைசிப் படியைத் திருத்திவிட்டுக் கண்மூடினார் என்று சொல்வார்கள். 1922 ஏப்ரல் 5 அவர் மறைந்த நாள்.

நமது மொழியில் மனிதன் கடவுளிடம் கேட்கிறான், கடவுளும் கேட்கிறார். யாசிப்பதற்கும் செவிகொடுப்பதற்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதோடு, சங்கப் புலவர்கள் உறவினரைக் கேளிர் என்று அழைத்தார்கள்; கேள் என்றாலே உறவு. கெத்செமனே தோட்டத்தில் பாத்திரம் நீங்கும்படி மும்முறை கேட்டவருக்குப் பாத்திரம் நீங்கவில்லை. அங்கே அவர் அழைத்த பெயரோ முதலிலிருந்து கடைசிவரை அப்பா என்பதாகவே இருந்தது.

திரும்பும் ஷட்டிலில் எனக்கு என் தாயாரின் ஜெபம் ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டை வீட்டில், இரவு விளக்கடியில், எங்கள் பெயர்களை மூத்தவர் முதல் இளையவர் வரை ஒன்றுவிடாமல் சொல்லி, சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டார் என்று போய், கடைசியில் எருமைக்காகவும் ஒரு வார்த்தை சொல்லித்தான் முடிப்பார். "ஏம்மா, கடவுளுக்கு நம்ம பேரெல்லாம் தெரியாதா?" என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு நாள் கேட்டேன். "தெரியும்லே. அதுக்காக நான் சொல்லாம இருக்க முடியுமா?" என்றார்.

என் கடைசித் தங்கை நாலு வயதில் காய்ச்சலில் போனாள். பதினொரு நாள் அவளுக்காகவே ஜெபம் நடந்தது. அடக்கம் செய்துவிட்டு வந்த இரவிலும் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு தாயார் உட்கார்ந்தார். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். மூத்தவர் பெயரில் தொடங்கி வரிசையாக வந்து, என் பெயரைச் சொல்லி, அடுத்த இடத்தில் நிறுத்தினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை; எழுந்திருக்கவுமில்லை. பிறகு சித்தப்பாவின் பெயரைச் சொன்னார்.