மருத்துவருக்கே முடியாமல் போனால்?

அண்ணனூர் பணிமனையின் மின்சார ரயில்களை ஓட்டுபவர்கள் பணியேற்கும்போது மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் ரயில்வே மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றும் பெற வேண்டும். சான்று தரும் மருத்துவருக்கே கை நடுங்கினால்?

அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், புகார் வந்தால் மருத்துவரின் நடத்தையை விசாரிக்கும். அதற்கு அடிப்படையான 2002 விதிகளில் நோயுற்ற மருத்துவருக்கெனத் தனி வழி இல்லை. 2023 ஆகஸ்டில் வந்து, அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்ட புதிய விதிகளும் தொழிலைப் பாதிக்கும் குடியை ஒழுக்கக்கேடு என்றே வகைப்படுத்தின. குடியை நோய் என்று பாடம் நடத்தும் மருத்துவத் துறையின் விதிகள் இவை!

பிரிட்டனில் நோயுற்ற மருத்துவருக்கு 1980 முதலே தனி ஏற்பாடு உண்டு. நிபுணர்கள் பரிசோதிப்பார்கள், நிபந்தனையோடு பணியைத் தொடரலாம், நோய் விவரம் வெளியே வராது. ஆனாலும் 2005 முதல் 2013 வரை, அந்நாட்டு மருத்துவ கவுன்சிலின் விசாரணையில் இருந்த 28 மருத்துவர்கள் தற்கொலையால் இறந்ததாகப் பதிவானது. அவற்றில் சில தற்கொலை என்று சந்தேகிக்கப்பட்டவை. ஆகவே அப்படியே நகலெடுக்க வேண்டாம். இங்கே கவுன்சிலின் முதல் கடிதம் குற்றப்பத்திரிகையாக இல்லாமல் சிகிச்சைக்கான அழைப்பாக இருக்கட்டும். அதை மறுப்பவரிடம் மட்டும் விசாரணை தொடங்கட்டும்.